பழைய டர்போ வண்டியும் ஆயில் ஃபில்டரும்: கழற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ரங்கூன் பெட்ரோல்:
காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி "கடகட" சத்தம். ஆயில் விளக்கு அணையத் தாமதம். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வை. எஞ்சின் நின்றபின் ஆயில் திரும்ப வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஃபில்டர் படுத்தோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட எஞ்சினில் அந்த ரப்பர் விறைத்தால், ராத்திரி முழுக்க ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கிவிடும். காலையில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம்) சில விநாடி வறண்டு சுற்றும்.

கழற்றிய ஃபில்டரின் ஓரத்துச் சிறு துளைகள் வழியாக முனை மழுங்கிய குச்சியால் ரப்பரை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் போல ஒலித்தால் முடிந்தது. கறுப்பு ரப்பர் சூட்டில் சீக்கிரம் விறைக்கும். ஆரஞ்சு அல்லது சிவப்பில் வரும் சிலிக்கான் கூடுதலாகத் தாங்கும். டர்போ வண்டிக்கு நாலு காசு கூடப் போனாலும் சிலிக்கான்தான்.

மேமியோ டீசல்:
அண்ணன் சொன்னது சத்தத்தைப் பற்றி. சத்தமே இல்லாமல் கெடுப்பது பை-பாஸ் வால்வு. "ஃபில்டர் அடைத்தால் ஆயில் விளக்கு எரியும்" என்று பலர் நம்புகிறார்கள். எரியாது. ஃபில்டருக்குள் வடிகட்டும் காகிதம் அடைத்ததும் பை-பாஸ் திறந்துகொள்ளும், வடிகட்டாத ஆயில் நேராக எஞ்சினுக்குப் போகும், பிரஷர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். விளக்கு கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே அழுக்கு டர்போ பேரிங்கை அரைத்துக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற தண்டு அது. ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு.

பர்மாவில் மண்டலேயிலிருந்து மேமியோ மலை ஏறும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப்களில் (3 லிட்டர் 1கேஇசட் எஞ்சின்) கவனிக்க வேண்டியது இது. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும், அது கரி; நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். கிலோமீட்டரை வையுங்கள். 5,000க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் சேர்த்தே. ஏற்றம் ஏறி வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் டர்போவுக்குள் நின்ற ஆயில் வெந்து கரியாகும்.

புது ஃபில்டர் போட்டதும் நேரே ஸ்டார்ட் செய்யக் கூடாது. வாய் மேலே பார்க்கும் ஃபில்டர் என்றால் முக்கால்வாசி ஆயில் நிரப்பி, காகிதம் உறிஞ்சியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றி மாட்டுங்கள். படுத்திருக்கும் ஃபில்டரில் அது முடியாது. அப்போது பெட்ரோல் வண்டியில் ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும், டீசலில் எரிபொருளை நிறுத்தும் சொலினாய்டு வயரையும் கழற்றிவிட்டு, 10 விநாடி செல்ஃப் அடித்து 30 விநாடி ஓய்வு கொடுங்கள். விளக்கு அணையும்வரை இப்படியே. அதன்பின் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள்.

பெகு ஸ்பேனர்:
மரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. டொயோட்டா பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் ஃபில்டர் ஏறும் மரைத் தண்டு, அதாவது ஸ்டட், முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. சுபாரு, மிட்சுபிஷி, நிசான் பலவற்றில் 20 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.5. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் டொயோட்டா ஸ்டட்டில் ஏறத்தான் செய்யும். கையில் ஆட்டம் தெரியும், கடைசியில் இறுகியது போலவும் இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் ஏறும்போது கழன்று, ஆயில் முழுவதும் ரோட்டில். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு டப்பாவும் அண்ணன் தம்பி மாதிரிதான், எனவே உயரத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்காதீர்கள். பழையது ஆட்டமில்லாமல் ஏறியிருந்த வண்டியில் புதியது ஆடினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது இரட்டை கேஸ்கெட். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் புது ஃபில்டர் ஏறும். கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு விநாடி போதும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, எஞ்சினைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்குங்கள். செயின் ரெஞ்ச் கழற்ற மட்டுமே.

ஃபில்டர் பக்கம் கசிகிறது என்று மூன்று ஃபில்டர் மாற்றிய வண்டிகள் உண்டு. பல டர்போ எஞ்சின்களில் எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஆயில் கூலர் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்தாலும் சொட்டுவது ஃபில்டர் மேல்தான். நன்றாகத் துடைத்து டால்கம் பவுடர் தூவி (முகத்தில் பூசும் பர்மியத் தனாக்கா வேண்டாம்!) 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

மண்டலே கராஜ்:
கழற்றிய ஃபில்டரை அப்படியே தூக்கிப் போடுபவர்களுக்கு: வெட்டிப் பாருங்கள். ஹேக்சா வேண்டாம், அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். பைப் கட்டர் மாதிரி சக்கரம் வைத்தது போதும். காகிதத்தை உருவி, வைஸில் அழுத்தி ஆயிலைப் பிழிந்து, வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாக விரியுங்கள்.

காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாத வெள்ளி மினுக்கம் அலுமினியம். செம்பு நிறத்தில் செதில் இருந்தால் பேரிங். அது டர்போவுடையதாகவும் இருக்கலாம், எஞ்சினுடையதாகவும் இருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள். மயிரிழை மாதிரி சிலிக்கான் பசைத் துண்டுகள் இருந்தால், சம்ப்பை யாரோ தாராளமாகப் பசை பூசி ஒட்டியிருக்கிறார்கள். அதே துண்டுகள் பம்ப்பின் உறிஞ்சு வலையிலும் இருக்கும், சம்ப்பை இறக்கத்தான் வேண்டும். நடுக்குழாய் நசுங்கியிருந்தால் பை-பாஸ் நேரத்துக்குத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

பிரஷரைச் சரிபார்க்க மெக்கானிக்கல் கேஜ் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஜப்பான் எஞ்சினில் கேஜை மாட்டும் ஓட்டை பெரும்பாலும் பிரிட்டிஷ் டேப்பர் மரை, அங்குலத்துக்கு 28. கடையில் கிடைக்கும் அமெரிக்க அடாப்டர் 27. பலவந்தமாக இறுக்கினால் அலுமினிய வார்ப்பு பிளக்கும்.

மோல்மேன் புதியவர்:
சுபாரு டர்போ ஃபாரெஸ்டர். ஐடிலில் நின்று கிளம்பும்போது நீலப்புகை. டர்போ போச்சு என்று சயா (மெக்கானிக்) சொல்கிறார். ஃபில்டர் மாற்றியும் அப்படியே. என்ன செய்யலாம் அண்ணே?

ரங்கூன் பெட்ரோல்:
தம்பி, டர்போவைக் கழற்றும் முன் மூன்று இடம். முதலில் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய். அது பிரஷரில் ஓடுவதில்லை, சும்மா வடிகிறது. கரி பிடித்துக் குறுகினால் ஆயில் தேங்கி சீல் வழியாகப் புகையும். இரண்டாவது பிசிவி வால்வு, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது. ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று தள்ளுகிறதா? மூன்றாவது, காற்றுக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறியபின் டர்போ சக்கரத்தை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான அசைவு சகஜம். முன்னும் பின்னும் கையில் தட்டுப்பட்டாலோ, இறக்கை சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோதான் சயா சொன்னது சரி.

கூடவே, சுபாரு டர்போ எஞ்சின்கள் சிலவற்றில் டர்போவுக்குப் போகும் ஆயில் லைனின் பான்ஜோ போல்ட்டுக்குள் (நடுவே துளையுள்ள போல்ட்) குட்டி வலை ஒன்று உண்டு. அது அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் தாராளம், டர்போவுக்குப் பட்டினி. கழற்றிக் கழுவுங்கள், செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். வலையைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. ஆயிலும் ஃபில்டரும் தவறாமல் மாற்றுகிறவர் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்றவர்கள் செய்ய வேண்டாம்.

மேமியோ டீசல்:
புதிதாக வாங்கிய பழைய வண்டி என்றால் கதவோரத்திலோ பானெட் அடியிலோ ஜப்பான் ஆயில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆண்டு ஹெய்செய் (ஜப்பான் பேரரசர் ஆட்சி ஆண்டு) கணக்கில் எழுதியிருந்தால் அதோடு 1988ஐக் கூட்டுங்கள். 23 என்றால் 2011. ஆயிலுக்கு ஒரு வரி, "எலெமென்ட்" என்று ஃபில்டருக்குத் தனி வரி. அங்கே இரண்டு ஆயிலுக்கு ஒரு ஃபில்டர் என்பது வழக்கம், எனவே இரண்டாவது வரி காலியாக இருப்பது சகஜம். அப்படிப்பட்ட வண்டிக்கு ஃபிளஷ் (எஞ்சின் உள்ளே கழுவும் திரவம்) ஊற்றாதீர்கள். கரைந்த கசடு மொத்தமாக வந்து ஃபில்டரையும் உறிஞ்சு வலையையும் அடைக்கும். இன்று ஒரு ஃபில்டர், 1,000 கிலோமீட்டரில் ஒன்று, 2,500இல் ஒன்று. மூன்றையும் மண்டலேக்காரர் சொன்னபடி வெட்டி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றாவது காகிதம் முதலாவதைவிடச் சுத்தமாக இல்லையென்றால் சம்ப்பை இறக்கிவிடுங்கள்.