ஒரே எழுத்துரு, ரெண்டு ஷா: பைல் நேரத்தோட மினக்கெட்ட கதையள்

கொக்குவிலான்:
போன மாரிக்க ஒரு தமிழ் எழுத்துருவை டெபியன் எண்ட லினக்ஸில நிறுவிற பொதியாக் கட்டினன். என்ர லப்டொப்பில ஒருக்கா, நல்லூரில இருக்கிற சிநேகிதன்ர மெசினில ஒருக்கா. மூலமும் ஒண்டு, எழுத்துரு செய்யிற ஃபொன்ட்ஃபோர்ஜ் மென்பொருளின்ர பதிப்பும் ஒண்டு. பைலுக்குக் கைரேகை மாதிரி இருக்கிற ஷா256 எண் மட்டும் பொருந்தேல்லை. "நீ எதையோ நோண்டிப்போட்டாய்" எண்டு அவன் என்னில பாய, நான் அவனில பாய, ரெண்டு நாள் கதை பேச்சில்லை.

பிறகு, பைலுகளுக்குள்ள என்ன வித்தியாசம் எண்டு காட்டிற டிஃபோஸ்கோப்பில ரெண்டு பொதியையும் குடுத்துப் பாத்தன். பொதிக்குள்ள பைலுகளைச் சேத்துக் கட்டி வைக்கிற டாருக்குள்ள பைல் நேரங்கள் வேறை. அது நான் எதிர்பாத்ததுதான். ஆனா எழுத்துரு பைலுக்குள்ளயும் மாறியிருந்தது! ஹெட் எண்டொரு அட்டவணை, அதுக்குள்ள கடைசியாத் திருத்தின நேரம். 1904 ஜனவரி 1 நள்ளிரவில இருந்து எத்தினை விநாடி எண்டு எண்ணி வைச்சிருக்குது. லினக்ஸ் எண்ணத் தொடங்கிறது 1970இல. இது அதுக்கும் 66 வருசம் மூப்பு. அந்த நேரம் மாற, பக்கத்தில கிடந்த செக்சம்மும் (பைலைச் சரிபாக்கிற கூட்டுத்தொகை) மாறிப்போச்சு. 'க'விலயோ 'ழ'விலயோ ஒரு வளைவும் அசையேல்லை. நான் கட்டினது பின்னேரம், அவன் கட்டினது இரவு, அவ்வளவுதான்.

பிழை என்னிலதான். சொந்த ஸ்கிரிப்டில கட்டினனான். டெபியன்ர பொதி கட்டிற கட்டளையான டிபிகேஜி பில்ட்பக்கேஜைக் கூப்பிட்டிருந்தால், சேஞ்ச்லொக்கில (மாற்றக் குறிப்பில) இருக்கிற கடைசித் திகதியை எடுத்து, கட்டிற கருவியள் இப்பத்தைய நேரத்துக்குப் பதிலாப் பாக்கிற சோர்ஸ்_டேட்_எபொக் எண்ட மாறியில அதுவே வைச்சிருக்கும். ஆர் எப்ப கட்டினாலும் ஒரே பைல் வரவேணுமெண்டு டெபியன்காரர் 2013இல இருந்து மல்லுக்கட்டினம், நான்தான் வாசிக்கேல்லை.

சாவகச்சேரி அக்கா:
தம்பி, உமக்காவது மணிக்கூடு ஒழுங்கா ஓடிச்சுது. 2022 கரண்ட் வெட்டு நேரம் என்ர பழைய டெஸ்க்டொப்பில சீமோஸ் பற்றரி (கரண்ட் இல்லாத நேரமும் மணிக்கூட்டை ஓட வைக்கிறது) செத்துக் கிடந்தது. கரண்ட் போய் வர ஒவ்வொருக்காலும் திகதி பல வருசம் பின்னுக்குப் போயிடும். நெற் உடன வராது, அதால நேரத்தைத் திருத்திறதுக்கும் வழியில்லை. புரோகிராம் கட்டிற மேக் கட்டளையைக் குடுத்தால், சோர்ஸ் பைல் 'எதிர்காலத்தில' இருக்குதெண்டு எச்சரிக்கை. கொம்பைல் பண்ணிப் புதுசா வந்த ஒப்ஜெக்ட் பைல் சோர்ஸை விடப் பழசாத் தெரியுறதால, திரும்பத் திரும்ப முழுக்கக் கொம்பைல் பண்ணும். ஒரு மணித்தியாலம் கரண்ட் கிடைச்சால் அதையும் அது தின்னும். நான் மேக்பைலைத்தான் வரிவரியாத் திட்டிக்கொண்டிருந்தன். கடைசியில ரவுணில ஒரு 2032 பற்றரி வாங்கிப் போட்டதோட சரி.

புலோலி:
நான் அதிபுத்திசாலி. சுத்தமா இருக்கட்டுமெண்டு அந்த சோர்ஸ்_டேட்_எபொக்கை 0, அதாவது 1970 தொடக்கம், ஆக்கினன். பைதன் ஸிப் கட்டேக்க விழுந்துது: ஸிப்புக்கு 1980க்கு முந்தி காலமே கிடையாது. 315532800 விநாடி குடுத்தன், அது 1980 ஜனவரி 1. கட்டுப்பட்டுது, ஆனா வெளிநாட்டு சேர்வரில கட்டினதோட இன்னும் பொருந்தேல்லை. நான் பாவிச்ச ஸிப் கட்டளை அந்தந்த ஊர் நேரத்தை எழுதுது. எங்கட மெசின் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட அஞ்சரை மணித்தியாலம் முந்தி. ரெண்டு இடத்திலயும் நேர வலயத்தை யூடிசி ஆக்கின பிறகுதான் ரெண்டு ஷாவும் ஒண்டாச்சு.

கொக்குவிலான்:
புலோலி, 0 நானும் வைச்சுப் பாத்தனான். சொல்ல வெக்கமாக் கிடந்தது.