அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல்: சூடானால் நின்றுவிடுகிறது, புது காயில் போட்டும் ஸ்பார்க் மெலிவு

மார்க்ஃபோர்84:
1984 மாடல், 1489 சிசி. காலையில் ஒரே ஸெல்ஃபில் எடுக்கிறது. 25 நிமிடம் ஓடியதும் மேட்டில் மிஸ் அடிக்கிறது, கொஞ்ச தூரத்தில் சாவியை அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. ஸெல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறினால் எடுத்துவிடும். காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தருவது), கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறப்பதை அடக்குவது), பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடர்பு), ரோட்டார் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து விடுவது) எல்லாம் புதுசு. நின்ற உடனே பெட்ரோல் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன், பெட்ரோல் வருகிறது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுக்கு வரும் எச்.டி. (உயர் வோல்ட்) வயரை எஞ்சின் பிளாக் பக்கம் பிடித்தால் மஞ்சளாக மெல்லிய ஸ்பார்க். இனி எதை மாற்றுவது?

கார்பன்பிரஷ்:
கண்டென்சர்தான். இப்போது கடையில் வருவது பாதி டப்பாவிலேயே செத்தது. கழற்றி எறிந்த பழையதை மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஃபீலர்கேஜ்:
எதையும் மாற்றாதீர்கள், கொஞ்ச நேரம் மீட்டரைப் பிடிங்க. கண்டென்சர் போனால் பாயிண்ட் முகம் கருகும், திறக்கும்போது பெரிதாகப் பொறி பறக்கும். அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை: ஹோஸைக் கழற்றிய கையோடு ஸ்பார்க் பார்க்காதீர்கள். ஹோஸைத் திரும்ப மாட்டி, சிந்தியதைத் துடைத்து, ஆவி போன பிறகு பாருங்கள்.

வண்டி நின்றதும், சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டியது இது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வையுங்கள். சாவி ஆன். பேட்டரி இரு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட், காயில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் (வண்டியின் பாடி) எத்தனை, காயில் மைனஸுக்கும் எர்த்துக்கும் எத்தனை என்று மூன்றையும் எழுதுங்கள். பாயிண்ட் திறந்த நிலையில் அளந்தால் பயனில்லை. கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் 12 வோல்ட் காட்டும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் சாவியை ஆனில் விட வேண்டாம், காயில் சூடாகும், பாயிண்ட் கருகும்.

அது முடிந்ததும் இரண்டு பக்கமும் கிளிப் உள்ள வயரால் பேட்டரி பிளஸ்ஸை நேராக காயில் பிளஸ்ஸோடு இணைத்து ஸெல்ஃப் அடியுங்கள். கிளிப் பாடியில் படக்கூடாது. அந்த வயர் இருக்கும்வரை சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது, நிறுத்த வயரைப் பிடுங்க வேண்டும்.

மார்க்ஃபோர்84:
சூட்டில் எடுத்தது: பேட்டரி 12.3, காயில் பிளஸ் 8.9, காயில் மைனஸ் 0.15. காயில் பிரைமரி (12 வோல்ட் பக்கச் சுருள்) 3.1 ஓம். தனி வயர் கொடுத்ததும் அந்த நொடியே ஸ்டார்ட் ஆனது!

ஃபீலர்கேஜ்:
அப்படியானால் காயிலும் கண்டென்சரும் குற்றவாளி இல்லை. மைனஸில் 0.15 என்றால் பாயிண்டும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எர்த் வயரும் நன்றாகவே இருக்கின்றன. 0.3க்கு மேல் இருந்திருந்தால் அங்கே தேட வேண்டும்.

வழியில் 3.4 வோல்ட் தொலைகிறது. காயிலில் ஓடுவது சுமார் 2.8 ஆம்பியர், நியாயமாக 4 ஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டும். காயில் சேமிக்கும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஸ்பார்க் ஏறக்குறைய பாதிதான். ஸெல்ஃப் சுற்றும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கும், அப்போது காயிலுக்குக் கிடைப்பது 7 வோல்ட்தான். சூட்டில் காயில் செம்பின் ரெசிஸ்டன்ஸும் ஏறுகிறது. அதனால்தான் காலையில் எடுப்பது மதியம் எடுப்பதில்லை.

இனி எங்கே தொலைகிறது என்று பிடிக்கலாம். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடி, சாவி ஆன். கருப்பு முனையால் வரிசையாகத் தொடுங்கள்: இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் பழுப்பு வயர், சுவிட்சிலிருந்து வெளியேறும் வெள்ளை வயர், ஃபியூஸ் பாக்ஸில் வெள்ளை சேரும் முனை, காயில் பிளஸ். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் தாவுகிறதோ அங்கே கோளாறு. லூகாஸ் நிறுவனத்தின் இந்த வயர் நிறங்களை யாராவது மாற்றியிருந்தால் நிறத்தை விட்டுவிட்டு வயரைத் தொடர்ந்து போங்கள்.

மார்க்ஃபோர்84:
சுவிட்ச் உள்ளே 0.15, சுவிட்ச் வெளியே 0.9, ஃபியூஸ் பாக்ஸ் வெள்ளை வந்து சேரும் லக் (வயர் நுனியில் அழுத்திய உலோக மாட்டி) 0.9, அங்கிருந்து காயிலுக்குப் போகும் லக் 3.4, காயில் பிளஸ் 3.4. ஆனால் ஃபியூஸ் நன்றாகத்தானே இருக்கிறது? புதிதாகப் போட்டும் பார்த்தேன்.

ஃபீலர்கேஜ்:
ஃபியூஸுக்கும் காயிலுக்கும் சம்பந்தமில்லை. லூகாஸ் முறையில் இக்னிஷன் வெள்ளை வயருக்கு ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் பாக்ஸின் அந்த முனை வெறும் சந்திப்பு: சுவிட்சிலிருந்து வருவது, காயிலுக்குப் போவது இரண்டும் அதில் மாட்டியிருக்கும். ஃபியூஸுக்கு முன்னாலேயே காயில் வயர் பிரிந்துவிடுகிறது. பச்சை வயர்களுக்குத்தான் ஃபியூஸ்.

உங்கள் முனையில் 2.5 வோல்ட் × 2.8 ஆம்பியர், அதாவது 7 வாட் வெந்துகொண்டிருக்கிறது. ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். சூட்டில் லக் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும், ஓடும் அதிர்வில் இன்னும் மோசமாகும்.

பேட்டரி கழற்றிவிட்டு அந்த லக்குகளை எடுங்கள். முனையை 400 எமரித் தாளால் பளபளப்பான உலோகம் தெரியத் தேயுங்கள். பழைய லக்கைத் தேய்த்துப் போட வேண்டாம், வயரைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிப் புது லக் அழுத்துங்கள். பச்சை பிடித்த வயர் நுனியில் எந்த லக்கும் நிற்காது.

அடுத்து ஒன்று சொல்லி வைக்கிறேன்: இந்த முனை சரியானதும் சுவிட்சில் இழப்பு 0.75லிருந்து கிட்டத்தட்ட 0.95க்கு ஏறும். பயப்படாதீர்கள், சுவிட்ச் திடீரென்று கெடவில்லை, கரண்ட் கூடியதால் வருவது. ஆனால் அந்த அளவும் அதிகம், சுவிட்சின் உள் தொடர்பு தேய்ந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

கார்பன்பிரஷ்:
சரி, கண்டென்சர் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாயிண்ட் புதுசு என்றீர்கள், இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள்? கேமின் (பாயிண்டைத் திறக்கும் சுழல் முனைப்பு) உச்சியில் அதில் உரசும் பாயிண்டின் ஃபைபர் துண்டு நிற்கும்போது 0.35 முதல் 0.40 மிமீ. புது ஃபைபர் சீக்கிரம் தேயும், 500 கிமீ ஓடியதும் மறுபடி பாருங்கள், கேமில் துளி கிரீஸ் வையுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் அடிக்கும் தருணம்) நகரும், அதனால் டைமிங்கைக் கடைசியில்தான் தொட வேண்டும். பிளக் இடைவெளி 0.6 மிமீ.

மார்க்ஃபோர்84:
பிளக் 0.9 வரை விரிந்திருந்தது, 0.6 ஆக்கினேன். லக் இரண்டும் புதிது. காயில் பிளஸ் இப்போது 11.2, நீங்கள் சொன்னபடி சுவிட்சில் 0.95. ஸ்பார்க் நீலம். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டியும் நிற்கவில்லை. சுவிட்ச் வாங்க வேண்டும்: பழைய சாவியோடு பொருந்துமா?

ஃபீலர்கேஜ்:
சாவி சிலிண்டரும் பின்னால் இருக்கும் மின் பகுதியும் பிரியும் வகையா என்று கழற்றிப் பாருங்கள். பிரிந்தால் பின்பகுதி மட்டும் போதும், பழைய சாவியே ஓடும். ஒட்டு வகை என்றால் முழுசாக, புது சாவியோடு. எது வாங்கினாலும் வயர்களைக் கழற்றுமுன் ஒரு போட்டோ எடுங்கள்.