செமஸ்டர் முடிந்ததும் பயிற்சி நின்றுபோகாமலிருக்க: பல்கலைக்கழக ஏபிஏ (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு) மாணவர்களோடு வேலை பார்ப்பவர்கள் எழுதுங்கள்

களப்பயிற்சி சூப்பர்வைசர்:
பல்கலைக்கழகமும் பள்ளியும் சேரும்போது முதல் உரசல் பயிற்சி நேரக் கணக்கைப் பற்றித்தான் வரும். பிசிபிஏ என்ற நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழுக்கு, அதை வழங்கும் அமெரிக்காவின் பிஏசிபி வாரியம் வழக்கமாகக் கேட்பது 2,000 மணி நேரக் களப்பயிற்சி. அதில் 5 சதவீதம், அதாவது 100 மணி நேரமாவது மேற்பார்வையில் நடக்க வேண்டும். மொத்த நேரத்தில் 60 சதவீதமாவது மதிப்பீடு, திட்டம் எழுதுதல், கிராஃப் பார்த்தல், மற்றவர்களுக்குப் பயிற்சி தருதல் என்று போக வேண்டும். பள்ளியோ, குழந்தை பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைத்தது என்று நினைக்கும். வாரத்தில் எத்தனை மணி குழந்தையோடு, எத்தனை மணி ஆசிரியரோடு என்பதை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிவிடுங்கள்.

ஆசிரியருக்கு ஒருநாள் வகுப்பெடுத்து அச்சிட்ட தாளைக் கொடுத்தால் பயிற்சி ஆகிவிடாது. சொல்ல வேண்டும், செய்து காட்ட வேண்டும், அவரைச் செய்யவைக்க வேண்டும், அங்கேயே திருத்த வேண்டும். செக்லிஸ்ட்டில் 10 படிகள் என்றால், தொடர்ந்து இரண்டு முறை 9 சரியாக வரும்வரை இதே சுற்றுதான். பெரும்பாலும் தவறுவது கடைசிப் படி: குழந்தை சரியாகச் செய்த உடனே பாராட்டோ பிடித்த பொருளோ வராமல் அரை நிமிடம் கழித்து வரும். அதற்குள் குழந்தை வேறெதையோ செய்துகொண்டிருக்கும். பலன் அதற்குப் போய்ச் சேரும்.

சிறப்பாசிரியர்:
மாணவர்கள் கொண்டுவரும் டேட்டா ஷீட்டைப் பற்றி ஒன்று. 10 வினாடிக் கட்டங்கள் போட்ட தாளை, வகுப்பு எடுத்துக்கொண்டே யாரும் நிரப்ப முடியாது. கட்டத்துக்குள் ஒரு கணம் நடந்தாலும் டிக் போடும் முறை, நடத்தை உண்மையில் நீடித்த நேரத்தைவிடக் கூட்டித்தான் காட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை போன் அதிரும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்துக் குறிப்பது ஆசிரியருக்குத் தோதானது. இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வது போல நீடிக்கும் நடத்தைக்குத்தான் இது பொருந்தும். கடிப்பது, அடிப்பது போன்றவற்றை ஒவ்வொன்றாக எண்ணியே ஆக வேண்டும்.

இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். 10 கட்டங்களில் 8 ஒத்துப்போனால் 80 சதவீதம், ஏற்கலாம். அதற்குக் கீழே போனால் ஆளைக் குறை சொல்லாமல் வரையறையைப் பாருங்கள். ‘அடம் பிடிக்கிறான்’ என்று எழுதியிருப்பார்கள். ‘தரையில் படுத்து 3 வினாடிக்கு மேல் அழுகிறான்’ என்று மாற்றினாலே பாதிச் சண்டை தீரும்.

பெற்றோர் தரப்பிலிருந்து:
வேலையிலிருந்து தப்பிக்கக் கத்தும் குழந்தைக்கு ‘இடைவேளை’ அட்டை நீட்டக் கற்றுக்கொடுப்பது நல்ல வழி. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985இலேயே இந்த அணுகுமுறையை எழுதிவிட்டார்கள். ஆனால் தொடக்கத்தில் அட்டை நீட்டிய ஒவ்வொரு முறையும், உடனே, இடைவேளை கிடைத்தாக வேண்டும். பள்ளியில் அட்டைக்கும் வீட்டில் கத்தலுக்கும் பலன் கிடைத்தால், வீட்டில் கத்தல்தான் நிலைத்துவிடும். கத்தலுக்குக் கிடைத்த பலனை நிறுத்தினால் முதலில் சில நாள் கத்தல் கூடலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாள் பாட்டி விட்டுக்கொடுப்பார், அதிலிருந்து இன்னும் உரக்கக் கத்தும்.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே: கை உதறுவதை நிறுத்துவது, கண்ணைப் பார்க்கவைப்பது என்று இலக்கு எழுதிவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அது யாருக்கு இடைஞ்சல் என்று கேளுங்கள். ஆய்வேட்டுக்கான ஒப்புதலும் பயிற்சிக்கான ஒப்புதலும் தனித்தனித் தாளில் இருக்கட்டும். ஆய்விலிருந்து விலகினாலும் பயிற்சி தொடரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

களப்பயிற்சி சூப்பர்வைசர்:
ஒப்புதல் பற்றிச் சொன்னது மிகச் சரி. மாணவர் போகும்முன் வேலையை ஆசிரியரிடம் கைமாற்றுவதைப் பற்றி: கற்றுக்கொடுத்துவிட்டு, மற்ற இடங்களிலும் தானாக வரும் என்று நம்பியிருப்பதை ட்ரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேர் என்ற ஆய்வாளர்கள் 1977இலேயே குறையாகச் சுட்டினார்கள். செமஸ்டர் முடிய 4 வாரம் இருக்கும்போதே மாணவர் பின்னால் நகர வேண்டும். முதல் வாரம் ஆசிரியர் பாதி, அடுத்த வாரம் முழுவதும் ஆசிரியர். மாணவர் கையில் செக்லிஸ்ட் மட்டும். கடைசி இரண்டு வாரமும் மாணவர் வேறு அறையில். அப்போதுதான் எந்தப் படி விடுபடுகிறது என்று தெரியும், திருத்தவும் நாள் இருக்கும். விட்டுப்போகும் தாள் ஒரே பக்கம் இருந்தால் போதும்: இப்போது எந்த அளவு உதவி தேவைப்படுகிறது, அட்டை எங்கே இருக்கிறது, எந்த எண்ணிக்கைக்கு மேல் போனால் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும்.