சாப்பாடு சரியில்லை என்றால் சொல்வதா, பேசாமல் எழுந்து வருவதா?

தென்றல்:
போன ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு ஒரு சைவ ஓட்டலுக்குப் போனோம். நல்ல கூட்டம். ரவா தோசை ஓரமெல்லாம் கருகி, நடுவில் மாவாகவே இருந்தது. சாம்பாரில் உப்பு தூக்கல். என் மாமனார் சர்வரைக் கூப்பிட்டு, "இதெல்லாம் மனுஷன் திங்கிறதா? உங்க முதலாளியை வரச் சொல்லு" என்று சத்தம் போட்டார். அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். வடக்கிலிருந்து வந்தவன், தமிழ் அரைகுறையாகத்தான் புரிகிறது. முதலாளி வந்து, எங்கள் கண் முன்னாலேயே அவனைத் திட்டினார். தோசைக்குக் காசு வேண்டாம் என்று பில்லில் அடித்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் மச்சினன், "அப்பா கேட்டதில் என்ன தப்பு, காசு கொடுக்கிறோம் இல்லையா" என்கிறான். என் மனைவி, "பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்" என்கிறாள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நிழல்மரம்:
உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. முடிந்ததைச் சாப்பிடுங்கள், மீதியை ஒதுக்குங்கள், பில்லைக் கொடுங்கள், அடுத்த முறை வேறு கடைக்குப் போங்கள். தோசை சுட்டது அந்தப் பையன் இல்லை. சுட்டவர் உள்ளே இருக்கிறார், அவர் காதுக்கு எதுவும் போகாது. திட்டு வாங்கியது யார் என்று நீங்களே பார்த்தீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ருசி ஊருக்கு ஊர் மாறும். உடுப்பி வழியில் வந்த கடைகளில் சாம்பாரில் வெல்லம் இருக்கும். எங்கள் கோவைப் பக்கத்து வாய்க்குப் பிடிப்பது தஞ்சாவூர்க்காரருக்குப் பிடிக்காது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அது தப்பு என்று எப்படிச் சொல்வது? இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு குறை சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். நான் இன்றும் அதை மதிக்கிறேன்.

கல்லாப்பெட்டி:
மதுரைப் பக்கம் சின்ன மெஸ் நடத்துகிறேன். நிழல்மரம் சார் சொல்வது எங்களுக்கு நல்லது செய்வது போலத் தெரியும். உண்மையில் எங்களுக்கு ரொம்பக் கெடுதல் செய்வது அதுதான்.

சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு இறக்குவோம். இறக்கியதும் நான் ஊற்றி ருசி பார்ப்பேன். அப்போது உப்பு அளவாக இருக்கும். அப்புறம் அது சிம்மிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். ஒன்பதரை மணிக்குள் சுண்டிப்போய் உப்பு ஏறிவிடும். அந்த நேரம் நான் கல்லாவில், மாஸ்டர் கல்லில், வாளியைத் தூக்கிக்கொண்டு பையன்கள் டேபிளில். யாரும் ருசி பார்க்க மாட்டோம். முதலில் கவனிக்கும் வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னால், கொஞ்சம் வெந்நீரும் வேகவைத்த பருப்பும் சேர்த்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன். சொல்லாவிட்டால் பத்தரை மணி வரை வருகிற எல்லோருக்கும் அதே சாம்பார்தான் போகும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் சொல்லிவிடுங்கள். தட்டைக் காலி செய்துவிட்டு, கை கழுவிவிட்டு, கல்லாவுக்கு வந்து "நல்லாவே இல்லை" என்றால் என்னால் காசைத்தான் குறைக்க முடியும், நீங்கள் சாப்பிட்டதைத் திருத்த முடியாது.

நிழல்மரம்:
நீங்கள் அப்படிப்பட்ட முதலாளி, சந்தோஷம். எல்லா இடமும் அப்படியா? திரும்பி வந்த தட்டின் காசைச் சப்ளையர் கணக்கில் எழுதும் கடைகள் இருக்கின்றன. என் எண்பது ரூபாய் தோசைக்காக அவன் சம்பளத்தில் கை வைக்கும் வாய்ப்பு இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பழைய சப்ளையர்:
சென்னையில் பல வருஷம் டேபிள் பார்த்தவன் நான். இப்போது சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறேன். நிழல்மரம் அண்ணா சொல்வது பொய் இல்லை, தட்டுக் காசு பிடிக்கிற கடையில் நானும் இருந்திருக்கிறேன். ஆனாலும் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது.

"என்னப்பா தோசை இது?" என்றால் அதை நான் உள்ளே போய் எப்படிச் சொல்வது? மாஸ்டரிடம் "சாருக்குப் பிடிக்கலையாம்" என்றால் அவர் என் மேல்தான் பாய்வார். "தம்பி, ரவா தோசை நடுவுல வேகலை. மாஸ்டர்கிட்ட சொல்லி இன்னும் கொஞ்சம் முறுகலா போட்டுத் தர முடியுமா? நேரமானாலும் பரவாயில்லை" என்று சொல்லிப் பாருங்கள். என்ன கோளாறு, என்ன வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் மூன்றும் அதில் இருக்கிறது. நான் தட்டைக் கொண்டுபோய் அப்படியே காட்டுவேன். மாஸ்டருக்கும் கோபம் வராது, தோசையைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ரவா தோசை ஏன் அப்படி வருகிறது என்றும் சொல்கிறேன். அந்த மாவு மோர் மாதிரி தண்ணியாக இருக்கும். கல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் ஊற்றியதும் ஓட்டை விழும், பொறுமையாக வெந்தால்தான் முறுகும். கூட்டத்தில் ஒரு தோசையை எடுத்ததும் தண்ணீர் தெளித்துத் துடைத்து அடுத்ததை ஊற்றுகிறார்கள். கல் மறுபடி சூடேற நேரம் கொடுப்பதில்லை. ஓரம் கருகுகிறதே என்று எடுத்துவிடுவார்கள், நடு வேகாது. எட்டரையிலிருந்து பத்து மணிக்குள் ரவா தோசை சொல்கிறவர்கள், "மெதுவா வரட்டும்" என்று ஆர்டரிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வெளி மாநிலத்துப் பையன் என்றால் நீளமாகப் பேச வேண்டாம். தட்டைக் காட்டி, வேகாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "சூபர்வைசர்" என்று சொன்னால் போதும், கூட்டிவந்துவிடுவான். அவனுக்கும் அது நிம்மதிதான். அந்த வயதில் தெரியாத ஊரில் நிற்கிறவனை "டேய்" என்று கூப்பிடாதீர்கள்.

எழும்பூர் வாசி:
இவ்வளவு கெஞ்ச வேண்டுமா என்று கேட்கிறேன். வேகாத தோசையை மாற்றிக் கேட்பது உரிமை. விலையோடு 5 சதவீத ஜிஎஸ்டியும் கட்டுகிறோம். பல ரெஸ்டாரன்ட்களில் நம்மைக் கேட்காமலே சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகையைச் சேர்த்துவிடுகிறார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின. ஆணையம் சொன்னது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர்கள் கூச்சப்பட்டே பழகியதால்தான் இவ்வளவு காலம் அந்த சர்வீஸ் சார்ஜ் ஓடியது.

நான் சத்தம் போட மாட்டேன், திட்டவும் மாட்டேன். தட்டைத் திருப்பி அனுப்புவேன், மாற்றித் தராவிட்டால் அதற்குக் காசு கொடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து படத்தோடு ரிவ்யூ போடுவேன்.

கல்லாப்பெட்டி:
மாற்றிக் கேட்பது உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ரிவ்யூவுக்கு முன்னால் அங்கேயே ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "மட்டம், போகாதீர்கள்" என்று ஒரு ஸ்டார் போட்டால் எனக்கு என்ன தெரியும்? என்றைக்கு வந்தீர்கள், எதைச் சாப்பிட்டீர்கள், எதுவும் தெரியாது. "ஞாயிறு காலை பத்து மணி, ரவா தோசை வேகவில்லை, சொன்னதும் மாற்றித் தரவில்லை" என்று எழுதினால் அன்று கல்லில் யார் நின்றார் என்றாவது பார்ப்பேன்.

எழும்பூர் வாசி:
ரிவ்யூவை நான் உங்களுக்காக எழுதவில்லை, அடுத்து வருகிறவருக்காக எழுதுகிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முந்நூறு, நானூறு ரூபாய் செலவழிக்கப் போகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். நாள், நேரம், பதார்த்தம் எழுத வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரர் மனம் நோகும் என்பதற்காக எழுதாமல் இருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ருசி வேறு, கெட்டுப்போனது வேறு என்பதையும் யாராவது பிரித்துச் சொல்லுங்கள். சட்னி ஊசிப்போயிருந்தால், கறியில் வாடை அடித்தால், வடையில் பழைய எண்ணெய் நாற்றம் வந்தால் அங்கே பணிவு, கூச்சம் பார்க்கக் கூடாது. பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் சேரும் கெட்ட பொருட்கள் (டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து ஓட்டல் பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுத்த 14 இலக்க உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போகும்போது அந்த எண்ணை வைத்துக் கடையைக் கண்டுபிடித்துவிடலாம். காசுத் தகராறு என்றால் 1915-க்கு அழைக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கல்லாப்பெட்டி:
கெட்டுப்போன விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அதைச் சொல்லாமல் போவது பக்கத்து டேபிளில் சாப்பிடும் குழந்தைக்குச் செய்கிற துரோகம். அங்கேயும் கல்லாவுக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாலே போதும், நாங்கள் அந்தச் சட்னியை உடனே நிறுத்திவிடுவோம். நிறுத்தாத கடை என்றால் நீங்கள் என்ன செய்தாலும் தகும்.

செல்வி:
ஆண்கள் பேசும்போது ஒன்று விட்டுப்போகிறது. நாங்கள் மெதுவாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க மேடம்" என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். அதற்கு மேல் பேசினால் சண்டைக்காரி என்ற பார்வை. அந்தப் பதில் வந்தால் நான் வாதாட மாட்டேன். "நீங்களே ஒரு வாய் ருசி பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவைப்பேன். ருசி பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

இன்னொரு சங்கடம், வேறு யாராவது நம்மைச் சாப்பிடக் கூட்டிப்போகும்போது வருகிறது. சித்தப்பா ஆசையாகக் கூட்டிவந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் குழம்பு சரியில்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். அப்போது நான் கை கழுவப் போவது போல எழுந்து போவேன். நம் ஊர் ஓட்டல்களில் வாஷ்பேசின் பெரும்பாலும் சமையல்கட்டுப் பக்கம்தான் இருக்கும், சூபர்வைசரும் அங்கேதான் நிற்பார். "நாலாம் நம்பர் டேபிள், வத்தக்குழம்பு அடிப்பிடிச்ச வாடை வருது, சாம்பார் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். சித்தப்பாவுக்கு எதுவுமே தெரியாது.

நிழல்மரம்:
செல்வி சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சூபர்வைசரும் வாஷ்பேசினும் இருக்கிற கடைக்கு அது பொருந்தும். எங்கள் தெருமுனையில் ஓர் ஆயா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். ஒரு நாள் மாவு புளித்திருந்தால் அவரிடம் போய் மாற்றித் தாருங்கள் என்பதா? அவருடைய அன்றைய வருமானமே அந்த ஒரு பானை மாவுதான். அங்கே நான் வாயே திறக்க மாட்டேன், யார் சொன்னாலும் சரி.

பழைய சப்ளையர்:
மாற்றிக் கேட்க வேண்டாம் அண்ணா. "ஆயா, வெயில் ஜாஸ்தி, மாவு சீக்கிரம் புளிக்குதா?" என்று கேட்டாலே அவருக்குப் புரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் ராத்திரி ஆட்டி வெளியே வைத்த மாவு விடிவதற்குள் பொங்கிவிடும். மறுநாள் நேரம் தள்ளி ஆட்டுவார். அவரும் முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர்தானே. ஒன்றுமே சொல்லாமல் நாலு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டால்தான் அவருடைய மாவு வீணாகும்.

நிழல்மரம்:
கேள்வியாகக் கேட்பது பரவாயில்லை. அதற்கு மேல் போக மாட்டேன்.

தென்றல்:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அன்றைக்குத் தோசைக்குக் காசு வாங்கவில்லையே, நாங்கள் வற்புறுத்திக் கொடுத்திருக்க வேண்டுமா? அப்புறம், மாமனாரை என்ன செய்வது? அவரிடம் போய் இப்படிப் பேசாதீர்கள் என்று மருமகன் எப்படிச் சொல்வது?

கல்லாப்பெட்டி:
சாப்பிடாமல் திருப்பிய தோசைக்குக் காசு வேண்டாம். பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தால் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. எப்படி இருந்தாலும் பையனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டிப்ஸைக் குறைக்காதீர்கள். சமையல் கோளாறுக்கு அவன் பொறுப்பில்லை. அதையும் பில் ஃபோல்டருக்குள் வைக்காமல் அவன் கையில் கொடுங்கள்.

செல்வி:
மாமனாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம் தென்றல். அடுத்த முறை அவரைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, நீங்கள் நடைபாதைப் பக்கம் உட்காருங்கள். எல்லோருக்கும் ஆர்டரை நீங்களே கொடுங்கள். ஆர்டர் கொடுத்தவரிடம்தான் சர்வர் வந்து நிற்பார். சாம்பார் வந்ததும் முதல் ஆளாக ருசி பாருங்கள். உப்பு தூக்கலாக இருந்தால், அவர் தோசையைப் பிய்ப்பதற்குள் நீங்கள் கையைக் காட்டிக் கூப்பிட்டுவிடலாம்.