1/144 பிளெட்சர் டிஸ்ட்ராயர்: ஹல் முறுக்கு, ரெய்லிங், மெஷர் 22 கோடு

நெய்தல்கிட்:
1/144 அளவில் பிளெட்சர் வகுப்பு (இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்க டிஸ்ட்ராயர்) கப்பல் மாடல் கிட் தொடங்குகிறேன். ஹல் (கப்பலின் உடல்) இடம், வலம் என இரண்டு பாதி. டெக் (மேல்தளம்) மூன்று துண்டு. ஒட்டாமல் பொருத்திப் பார்த்தால் நடுவில் ஹல் உள்வாங்குகிறது, முகப்பு லேசாக முறுக்கிக்கொள்கிறது. 1943 கடைசியில் பசிபிக்கில் இருந்த கோலத்தில், மெஷர் 22 (அமெரிக்கக் கடற்படையின் நீல-சாம்பல் வண்ணத் திட்டம்) நிறத்தில், முழு ஹல்லோடு பித்தளைத் தூண்மேல் நிறுத்த ஆசை. முறுக்கை எடுப்பது எப்படி? தகட்டுக் கோடுகள் தடிப்பாக இருக்கின்றன, தேய்க்கலாமா? எட்ச் ரெய்லிங் (மெல்லிய பித்தளைத் தகட்டில் வரும் டெக் ஓரக் கம்பிவேலி) ஒட்டுவது எப்போது? நீலமும் சாம்பலும் பிரியும் கோடு டெக் வளைவோடு போகுமா, நேராகவா?

உப்புத்தாள்400:
நிஜக் கப்பல் 114.8 மீட்டர். 144-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 80 செ.மீ. நீளம், அகலமோ எட்டரை செ.மீ.கூட வராது. இத்தனை ஒல்லியான கூட்டை டெக் மட்டும் நேராகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள்.

2 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் குறுக்குத் தடுப்புகள் வெட்டி 7-8 செ.மீ.க்கு ஒன்று வையுங்கள். அகலத்தை ஹல்லில் அளக்க வேண்டாம், ஹல்தான் கோணலாயிற்றே. டெக் துண்டில் அந்தந்த இடத்தின் அகலத்தை எடுங்கள். டெக் ஹல்லுக்குள் இறங்கி உட்காரும் கிட்டா, விளிம்பின்மேல் உட்காரும் கிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உட்கார்வதானால் இருபக்கத் தகட்டின் தடிமனையும் கழிக்க வேண்டும். தடுப்பு அரை மி.மீ. பெரிதானாலும் டெக் ஓரத்தில் நீளத்துக்கு இடைவெளி விழும்.

முறுக்கு நிரந்தரமாவது கீல் (இரு பாதியும் சேரும் அடிமுதுகு) ஒட்டும் நேரத்தில்தான். கண்ணாடிப் பலகைமேல் ஹல்லைக் கவிழ்த்து வைத்து, உள்பக்கம் 1 மி.மீ. ஷீட் பட்டைகளைத் தையலின் (இரு பாதி சேரும் கோட்டின்) குறுக்கே ஒட்டி, 5-6 செ.மீ. ஒட்டியதும் நிறுத்தி, பிடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள். அவ்வப்போது நிமிர்த்தி, முன்னும் பின்னும் டெக் விளிம்பின் குறுக்கே இரண்டு ஸ்டீல் ஸ்கேல் வைத்து, வாலிலிருந்து கண்ணை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு இன்னும் இருக்கிறது. டெக் மூடிய பிறகு இதைத் திருத்த வழியே இல்லை.

தூணுக்கான எம்4 நட்டுகளை மூடுவதற்கு முன்பே எபாக்சியில் பதித்துவிடுங்கள். அந்தத் துளைகளை அடைக்காதீர்கள். லிக்விட் சிமென்ட்டின் ஆவி உள்ளே சிக்கினால் பிளாஸ்டிக் இளகி, மாதங்கள் கழித்துத் தையல் மறுபடி தலைகாட்டும்.

தகட்டுக் கோடு: பிளெட்சரின் பக்கத் தகடு 19 மி.மீ. இந்த அளவில் அது 0.13 மி.மீ.தான். உங்கள் கிட்டில் மேடு 0.3 மி.மீ. இருந்தால் நிஜத்தில் 43 மி.மீ. படி என்று அர்த்தம், அப்படி ஒரு கப்பல் கிடையாது. 400 தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, நீளவாக்கில் தேய்த்து, 800-ல் முடியுங்கள். முழுக்க வழித்துவிட வேண்டாம், ப்ரைமருக்கு அடியில் லேசாகத் தெரிந்தால் போதும்.

ஹேஸ்கிரே:
கோடு நேர்கோடுதான், நீர்மட்டத்துக்கு இணையாக. மெயின் டெக் ஓரம் எங்கே மிகத் தாழ்கிறதோ அந்த உயரம் வரை நேவி ப்ளூ 5-என், அதற்கு மேல் ஹேஸ் கிரே 5-எச், கிடைமட்டப் பரப்பெல்லாம் டெக் ப்ளூ 20-பி. அதனால் முகப்பை நோக்கிப் போகப் போகச் சாம்பல் ஆப்பு மாதிரி அகலும். ஹல்லைத் தளமட்டத்தில் நிறுத்தி, கட்டையில் பென்சிலைக் கட்டிச் சுற்றிவர ஒரே உயரத்தில் கோடு இழுங்கள். கண்ணளவில் டேப் ஒட்டினால் கை தானாக டெக் வளைவைப் பின்தொடரும்.

ஆனால் ரெய்லிங், நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் எந்தக் கப்பல், எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள். வட்ட பிரிட்ஜ், சதுர பிரிட்ஜ் என இரண்டு வகை உண்டு. 175 கப்பல் கட்டிய வகுப்பு, பொதுவான பிளெட்சர் என்று ஒன்று இல்லை. 1943-ன் பிற்பாதியில் வழக்கமான அமைப்பு விமான எதிர்ப்புக்கு ஐந்து இரட்டை 40 மி.மீ. போஃபர்ஸ், ஏழு 20 மி.மீ. ஓர்லிகான் பீரங்கிகள். மார்க் 37 டைரக்டரின் (பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கூடு) தலையில் மார்க் 4 ரேடார் வர வேண்டும். மார்க் 12 ரேடாரும் அதன் பக்கத்தில் நிற்கும் மார்க் 22 ரேடாரும் பிந்தியவை, ஒட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் உள்ள அருங்காட்சியகக் கப்பல் யுஎஸ்எஸ் கிட் (Kidd), அதே வகுப்பு, அதன் படங்கள் இணையத்தில் ஏராளம், விவரத்துக்கு அருமை. அது 1945 கோலம் என்பதை மறக்காமல் பாருங்கள்.

எட்ச்_பித்தன்:
மேலே சொன்னதோடு ஒன்று: கீல் தையலுக்குக் குழாய்ப் புட்டி வேண்டாம். சுருங்கிக்கொண்டே இருக்கும். சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடர் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பக்கத்துப் பிளாஸ்டிக்தான் கரையும்.

ரெய்லிங் கடைசிக்கு முந்திய வேலை. அதற்குப் பிறகு ரிக்கிங் (மாஸ்ட் கம்பிகளுக்கு நூல் கட்டுவது) மட்டும். பித்தளைப் பிரேமிலிருந்து வெட்டும் முன்பே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, மெட்டல் ப்ரைமர், நிறம் எல்லாம் அடித்துவிடுங்கள். டெக் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி நீளத்தைக் குறித்து, அந்த டேப்பை ரெய்லிங் மேல் வைத்து வெட்டினால் அளவு தப்பாது. ஒட்ட மேட் மீடியம் அல்லது வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூ வெள்ளையாகப் பூத்து டெக் ப்ளூவைக் கெடுக்கும். பித்தளையை நெருப்பில் காட்டி இளக்குவது உருட்டி வளைக்கும் பாகங்களுக்கு மட்டும். ரெய்லிங்கை இளக்கினால் விரல் பட்டாலே துவளும். டார்பிடோ குழாய்கள் திரும்பும் இடம், ஆறு கே-கன்கள் (நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டு எறிபவை) நிற்கும் இடம் இவற்றைப் படத்தில் பார்த்து, திறப்பு எங்கே என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள்.

நெய்தல்கிட்:
நன்றி. கிட்டின் மாஸ்ட் பிளாஸ்டிக், நூல் கட்டினால் வளையுமா?

எட்ச்_பித்தன்:
நீளாத நூல் என்றால் நிச்சயம் வளையும். 1.5, 1.0, 0.5 மி.மீ. பித்தளைக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி மாஸ்ட்டை மாற்றுங்கள், சாய்வு மட்டும் கிட் பாகத்தைப் பார்த்து. நூல் லைக்ரா வகை (இழுத்தால் நீளும்), 0.1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதுவே நிஜத்தில் 14 மி.மீ. கம்பிக்குச் சமம். மாஸ்ட்டை ஒட்டிய உள்நூல்களை முதலில் கட்டி வெளியே வாருங்கள்.