புதுப்பிப்பு: கிளாட் பத்திகளும் தங்கையும்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் (CLAT) படிக்கும் தங்கைக்குப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது, கேள்வியை முதலில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேள்விகளை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பத்திக்குப் போவது கைகொடுத்தது. கேள்விக்குக் கீழே உள்ள நான்கு விடைகளையும் சேர்த்துப் படித்தால் எல்லாமே மண்டையில் உட்கார்ந்துகொள்கின்றன.

ஆனால் வேகம் மட்டுமே சிக்கல் இல்லை. தேர்வு ஆங்கிலத்தில்தான், இருந்தாலும் பழக்கத்துக்காக ஏற்காடு காபித் தோட்டங்களைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். 'நிழல் மரங்களை வெட்டினால் விளைச்சல் கூடும் என்கிறார்கள் சிலர். ஆனால் மண் அரிப்பைக் கணக்கில் எடுத்தால் அந்த லாபம் நிற்காது.' எழுதியவரின் கருத்து என்ன? மரத்தை வெட்டலாம் என்று குறித்தாள்.

"பத்தியில இருக்குல்ல அண்ணா?"

இருக்கிறது, சொன்னது வேறு ஆள். இப்போது 'ஆனால்' வரும் இடமெல்லாம் பென்சில் கோடு. தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் போகிற தேர்வில் இந்தக் கோடு லாபம்தான்.

சட்டப் பகுதியில் தொல்லை வேறு மாதிரி. பத்தி தரும் கொள்கையை வைத்துத்தான் விடை சொல்ல வேண்டும். இவளோ அஸ்தம்பட்டி வக்கீல் மாமா சொன்னதையெல்லாம் இழுத்து வருகிறாள். (மாமாவும் சும்மா இருப்பதில்லை.) கொள்கையை ஓரத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு விடைக்குப் போ என்றிருக்கிறேன், பாதி நாள் கேட்கிறாள்.

கணக்குப் பகுதியை இன்னும் தொடவில்லை. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.