திருப்பூரில் பில், பெருந்துறையில் பிரிண்ட்: வழி சொல்லுங்க

வணக்கமுங்க. ஆபீஸ் திருப்பூரில், குடோன் பெருந்துறையில். இங்கே பில் போட்டால் அங்கே தாள் வர வேண்டும், அவ்வளவுதான். இணையம் வழியே எங்கிருந்தும் பிரிண்ட் கொடுக்க உதவிய கூகுள் கிளவுட் பிரிண்ட்டை 2020 டிசம்பரோடு மூடும் வரை கவலை இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பி, குடோன் அண்ணனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம். அவர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தால் லாரி காத்துக் கிடக்கும்.

குடோன் ரௌட்டரில் பிரிண்டுக்கான போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பார்த்தேன். பிராட்பேண்டில் பல பேருக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி என்பதால் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை. (நுழைந்தாலும் ஊரே பிரிண்ட் போடும், அது வேறு.) அப்புறம் விபிஎன் (இரண்டு இடத்தையும் இணையம் வழியே ஒரே நெட்வொர்க் போல இணைப்பது) போடச் சொன்னார்கள். பிரிண்டர் பழைய லேசர், யூஎஸ்பி மட்டும்தான். அது மாட்டியிருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, பிரிண்டரை ஷேர் செய்தால் போதுமா? கரண்ட் போய் வந்தால் தானாக இணையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.